தோட்டத்து மேடை நடுவில் ஒரு சதுரக் குழி, எதற்கு?

பழைய லயம் | சனி, இரவு 9.14

வணக்கம். அப்பாவின் இரும்புப் பெட்டியைக் கிளறியபோது ஒரு போட்டோ கிடைத்தது. பின்னால் பென்சிலில் 1968 என்று மட்டும் எழுதியிருக்கிறது. அரிச்சந்திர நாடகம், மயான காண்டம். சேலை கட்டி, சவுரி வைத்து, சந்திரமதியாக உட்கார்ந்திருப்பது அப்பா. மடியில் செத்துக் கிடக்கும் லோகிதாசன் எங்கள் சித்தப்பா. செத்தவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து கேமராவைப் பார்க்கிறார்.

இடம், கோலாலம்பூருக்குத் தெற்கே இருந்த ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம். விற்றவர், வாங்கியவர், நஷ்டஈடு கேட்டு அலைந்தவர் எல்லாரும் இன்னும் இருக்கிறார்கள். 1974ல் கோலாலம்பூர், மத்திய அரசின் நேரடி ஆட்சியில் இருக்கும் கூட்டரசுப் பிரதேசம் ஆனபோது எங்களைப் போன்ற பல தோட்டங்கள் நகரத்துக்குள் வந்துவிட்டன. அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இப்போது அங்கே கொண்டோ.

விஷயத்துக்கு வருகிறேன். திடலின் மேற்கு ஓரத்தில் சிமெண்டு மேடை ஒன்று இருந்தது. முழங்கால் உயரம், இருபதடி நீளம் இருக்கும். நான்கு மூலையிலும் பைப் நட ஓட்டை. அது புரிகிறது, பந்தல் கால். ஆனால் நட்ட நடுவில் ஒரு சாண் அகலத்துக்குச் சதுரமாக ஒரு குழி. நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் கோலிக்குண்டு விழுந்தால் விழுந்ததுதான். நாடக நாளில் மரக்கட்டை வைத்து அடைத்துவிடுவார்களாம். போட்டோவிலும் அப்பாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் அந்தக் கட்டை தெரிகிறது.

நாடக மேடை நடுவில் குழி எதற்கு? அப்பாவுக்கு 79 வயது. கேட்டால் "அது அப்பலேருந்தே இருக்குடா" என்கிறார்.

செந்தூல் தம்பி | சனி, இரவு 9.40

கொடிக்கம்பம், அண்ணே. வேறு என்ன? 1957ல் ஊரெல்லாம் கொடி ஏற்றினார்கள். உங்கள் துரையும் மேடையில் கம்பம் நட்டிருப்பார். ஆகஸ்டு 31 நள்ளிரவு மெர்டேக்கா அரங்கத்தில் யூனியன் ஜாக் இறங்கியதும் எல்லாத் தோட்டத்திலும் இறக்கியிருப்பார்கள்.

கிராணி மகன் | சனி, இரவு 10.22

தம்பி, சின்னத் திருத்தம். யூனியன் ஜாக் இறங்கியது மெர்டேக்கா அரங்கத்தில் இல்லை. சிலாங்கூர் கிளப்புக்கு எதிரே இருந்த திடலில், 30ம் தேதி நள்ளிரவில். இப்போது டத்தாரான் மெர்டேக்கா என்கிறோமே, அங்கே. துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரப் பிரகடனம் வாசித்தது மறுநாள் காலை, அரங்கத்தில். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது நம் எல்லாருக்கும் பழக்கம். பள்ளிக்கூடத்தில் நானும் குழப்பி ஒரு மார்க் இழந்தேன்.

கொடிக்கம்பத்தை மேடை நடுவில் யாரும் நட மாட்டார்கள். எங்கள் தோட்டத்தில் அது ஆபீஸ் வாசலில் இருந்தது.

நான் வேறு தோட்டம், ஆனால் திடல் கதை ஒன்றுதான். எங்களைப் போன்ற தோட்டங்களில் திடல் தொழிலாளிக்காக வந்ததில்லை. கிராணிமாரும் (தோட்டத்துக் கணக்கர்கள்) துரையும் பந்து விளையாட வந்தது. சிலாங்கூர் கிளப் 1884ல் தொடங்கி, எதிரே புல் வளர்த்து கிரிக்கெட் ஆடினார்கள் அல்லவா, அதன் குட்டிப் பதிப்புதான் ஒவ்வொரு தோட்டத்திலும். புல்லை வெட்டியது நம் அம்மாக்கள். விளையாடியது என் அப்பா. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, கிராணி மகன் என்றுதானே பெயர் வைத்திருக்கிறேன்.

திருவிழா மூன்று நாளும் மட்டும் திடல் கைமாறும். அதற்கும் பெரிய கங்காணி தொப்பியைக் கழற்றிவிட்டு பங்களா வாசலில் நிற்க வேண்டும். "நாடகம் போடுங்கள், ஆனால் காலைப் பெரட்டுக்கு ஒரு ஆள் குறையக் கூடாது" என்பதுதான் உத்தரவு. பெரட்டு என்றால் வேலைக்கு முன் ஆள் எண்ணுவது. விடிய நாலு மணிக்கு அரிச்சந்திரனுக்குச் சிவன் காட்சி கொடுப்பார். ஐந்தரைக்கு அதே சிவன் முகத்தில் பாதி நீலத்தோடு பெரட்டில் நிற்பார்.

செந்தூல் தம்பி | சனி, இரவு 10.31

சரி, தப்புதான். ஆனால் திடலும் நாடகமும் என்றால் எங்கள் செந்தூலைச் சொல்லாமல் விடமாட்டேன்.

எங்கள் தாத்தா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். 1900களின் தொடக்கத்தில் பட்டறை வந்தது, அதோடு யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் வந்தார்கள். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பி-29 விமானங்கள் பட்டறையைக் குறிவைத்துக் குண்டு போட்டன. ஜப்பான்காரன் ஓடட்டும் என்று போட்ட குண்டு எங்கள் தலைக்கு மேல்தான் பறந்தது. பட்டறைக்குப் பக்கத்தில் ரயில்வே அதிகாரிகளுக்கு கோல்ஃப் திடல் ஒன்று உண்டு. பந்து பொறுக்கினால் தாத்தாவுக்குச் சில்லறை கிடைக்கும்.

அந்தத் திடலில் இருந்த பழைய செங்கல் கட்டடம்தான் 2005ல் கேஎல்பேக் நாடக அரங்கமாகத் திறந்தது. ரயில்வே சாமான் வைத்தது, அப்புறம் கோல்ஃப் கிளப் வீடு, இப்போது பெரிய அரங்கத்தில் ஏறக்குறைய 500 பேர் உட்காரலாம். சுற்றிப் பச்சைப் பசேல் என்று பூங்கா. திடலும் மேடையும் ஒன்றாகத் தப்பித்த இடம் கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

செம்மண் | சனி, இரவு 11.05

தப்பித்தது யாருக்கு, தம்பி? உங்கள் தாத்தா பந்து பொறுக்கிய இடத்தில் இப்போது டிக்கெட் என்ன விலை? எங்கள் தோட்டத்தில் நாடகம் பார்க்க வீட்டிலிருந்து பாய் எடுத்துப் போனால் போதும்.

அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியதைக் குறை சொல்லவில்லை. இடித்திருந்தால் அதுவும் கொண்டோதான். ஆனால் "தப்பித்த மேடை" என்பது வேறு, "நம் மேடை தப்பித்தது" என்பது வேறு.

கிராணி மகன் | சனி, இரவு 11.19

அந்த அரங்கத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளக் கதை உண்டு. அதைத் தொடங்கிய ஆக்டர்ஸ் ஸ்டூடியோ குழு அதற்கு முன் 1995ல் இருந்து டத்தாரான் மெர்டேக்காவுக்கு அடியில், பிளாசா புத்ராவில், நாடகம் போட்டுக்கொண்டிருந்தது. மேலே திடல், கீழே மேடை. 2003 ஜூன் 10ம் தேதி கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் பொங்கி அந்த நிலத்தடி அரங்கம் முழுக்கத் தண்ணீர். மசூதி ஜாமேக்கில் இரண்டு ஆறும் கூடும் இடம் எத்தனை எட்டு, சொல்லுங்கள். அங்கே பள்ளம் தோண்டி நாடக மேடை வைத்தால் ஆறு சும்மா இருக்குமா?

அதே திடலின் வடகோடியில் பழைய நகர மண்டபம், பங்குங் பண்டாராயா. அது 1992ல் தீப்பிடித்தது. ஒரே திடலைச் சுற்றி ஒரு மேடை நெருப்பில், ஒரு மேடை தண்ணீரில். நாடகக்காரன் சாபம் என்று என் மனைவி சொல்வாள். நான் வயரிங் என்பேன்.

கிள்ளான் மாலதி | ஞாயிறு, காலை 7.48

இந்த ஸ்திரீ பார்ட் போட்டோ பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லையே. சந்திரமதி ஏன் உங்கள் அப்பா? தோட்டத்தில் பெண்களே இல்லையா?

எங்கள் தோட்டத்தில் அம்மாவுக்கு நல்ல குரல். பஜனைக்கு அம்மாதான் முதல் அடி எடுப்பார். ஆனால் மேடை ஏற விடவில்லை, "பொம்பள மேடை ஏறினா தோட்டத்துக்கு மழை வராது" என்று ஒரு கிழவர் சொல்லிவிட்டாராம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பவளக்கொடி நாடகத்தில் அம்மா படுதாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பாடினார். முன்னால் மாமா வாய் அசைத்தார். மாமாவுக்கு மூன்று மாலை, அம்மாவுக்கு ஒரு சோடா. அந்த சோடாவைப் பற்றி அறுபது வருஷம் பேசினார்.

ஆகவே, மேடை "நம்ம" மேடை என்று சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், செம்மண் அண்ணே.

செம்மண் | ஞாயிறு, காலை 8.10

ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி. நாடக இரவில் கள்ளுக்கடையிலிருந்து வந்தவர்கள் பண்ணிய கூத்தையும் நான் சொல்லவில்லை. ஒருமுறை கிருஷ்ணன் தூது போன இடத்தில் துரியோதனனுக்கும் பார்வையாளர் ஒருவருக்கும் நிஜமாகவே அடிதடி. பங்காளிச் சண்டை, இரண்டு பேரும் ஒரே லயம், ஒரே வரிசை வீடு.

பினாங்கு அத்தை | ஞாயிறு, காலை 9.33

நான் தீவிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். தோட்ட மேடையைப் பற்றித் தெரியாது, நாங்கள் துறைமுகத்து ஆட்கள். ஆனால் நாடகம் என்றால் எங்கள் ஊருக்கு ஒரு இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பார்சி நாடகக் கம்பெனிகள் கப்பலில் வந்து இறங்கியது இங்கே. அதைப் பார்த்துத்தான் பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகம் பிறந்தது. 1885ல் புஷி இந்திரா பங்சாவான் என்ற குழுவைத் தொடங்கியவரை மாமாக் புஷி என்றே அழைத்தார்கள். மேடையில் படுதா ஏறி இறங்குவதும், காட்சிக்கு நடுவில் ஒரு கோமாளி வந்து சிரிக்க வைப்பதும், உங்கள் தோட்டத்து அரிச்சந்திரனுக்கும் எங்கள் பங்சாவானுக்கும் பொது. இரண்டு பேருக்கும் ஒரே பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்த் திடல் பாடாங் கோத்தா லாமா. அதற்கு எதிரே 1880ல் கட்டிய டவுன் ஹால், உள்ளே மேடை உண்டு. வெள்ளைக்காரர் உள்ளே நாடகம் பார்ப்பார்கள், நாங்கள் வெளியே புல்லில் உட்கார்ந்து கடல் காற்றும் கச்சாங் பூத்தே கடலையும். எங்கள் தாத்தா 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் இறங்கியதைப் பார்க்கப் போனவர். அதற்கப்புறம் புராண நாடகமே பார்க்க மாட்டேன் என்று சபதம் செய்தார். பாட்டி போகும்போது மட்டும் துணைக்குப் போய், கடைசி வரை உட்கார்ந்திருந்துவிட்டு வருவாராம்.

குழி பற்றி: தரையிலிருந்து காளி எழுந்து வருகிற மாதிரிக் காட்சிக்கு இருக்குமோ?

பழைய லயம் | ஞாயிறு, காலை 10.02

அத்தை, ஒரு சாண் குழியிலிருந்து காளி எப்படி வருவார்? பல்லி வேண்டுமானால் வரும்.

மாலதி அக்கா, அப்பாவிடம் கேட்டேன். "என் மாதிரி இடுப்பு எவளுக்கும் இல்ல" என்றார். அம்மா பக்கத்தில் இருந்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

மிருதங்கம் | ஞாயிறு, பிற்பகல் 2.15

பிள்ளைகளா, எனக்கு எழுத்துப் பெட்டியில் தட்டத் தெரியாது. பேரன் தட்டுகிறான், நான் சொல்கிறேன். 1950களின் கடைசியிலிருந்து கோலாலம்பூர் வட்டாரத் தோட்டங்களில் மிருதங்கம் வாசித்தவன் நான். அதற்கு முன் அவசரகாலம், கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டை போட்ட காலம். 1948ல் தொடங்கியது, 60ல்தான் முடிந்தது. எங்கள் பக்கம் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, இரவு ஊரடங்கு. விடிய விடிய நாடகம் எங்கே போட முடியும்? பகலில் ஓரங்கம் போட்டுப் பார்த்தோம். வெயிலில் ராஜா வேஷம் போட்டவனுக்கு அரிதாரம் வழிந்து தாடையில் தொங்கியது. அதனால் கம்பி எடுத்ததும் முதல் நாடகத்துக்கு வந்த கூட்டம் மாதிரி நான் பிறகு பார்த்ததே இல்லை.

விளக்கு என்றால் கேஸ் லைட் நான்கு. காற்றடிக்க ஒரு பையன். மேடைக்கு முன்னால் பந்து கோல் கம்பம் இருக்கும், அதில் இரண்டைக் கட்டுவோம். படுதாவில் ஒரு பக்கம் ராஜ தர்பார், மறுபக்கம் காடு. வாடகை கட்டுப்படியாகாது, சம்பளத்தில் வீட்டுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், வரி போடுவார்கள். செங்கல் நிறத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவோம். எல்லாருக்கும் விரல் நுனியில் ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் வாடை இருக்கும், எவ்வளவு பவுடர் போட்டாலும் போகாது. ராஜா ஆசீர்வாதம் பண்ணக் கையை நீட்டினால் ரப்பர் ஸ்டோர் வாசம்.

தம்பி, உங்கள் மேடையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்றே நினைக்கிறேன். முழங்கால் உயரம், திடலுக்கு மேற்கே, பக்கத்தில் ஒரு பெரிய மழை மரம். சரியா? எனக்கு அந்த மேடை பிடிக்காது. சாய்வு. மிருதங்கம் திடல் பக்கம் உருளும். மடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து வாசிப்பேன். சிம்மாசனத்துக்கு முன்காலில் ஆப்பு வைத்துத்தான் ராஜாவை உட்கார வைப்பார்கள்.

பழைய லயம் | ஞாயிறு, பிற்பகல் 2.31

ஐயா! மழை மரம் சரி! கை நடுங்குகிறது.

சாய்வு எனக்கும் ஞாபகம் இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் ஒரு பொட்டு நிற்காது. திடல் பக்கம் ஓரத்தில் ஒரு சின்ன வாய்க்கால் வேறு ஓடும். நாடக மேடைக்கு யார் வாய்க்கால் வெட்டினார்கள்?

ஓட்டுப்பால் | ஞாயிறு, மாலை 5.50

நான் நாள் முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பதினாலு வயதிலிருந்து பால் மரம் வெட்டியவள், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவள். நீங்கள் எல்லாரும் நாடகத்திலிருந்து யோசிக்கிறீர்கள், அதனால்தான் விளங்கவில்லை.

அது மேடையாகக் கட்டினது இல்லை. பால் நிறுக்கும் இடம்.

பதினோரு மணிக்கு மேல் பால் எடுத்து, இரண்டு வாளியைக் காண்டாவில், தோள் தடியில், போட்டு நிறுவைக்கு வருவோம். வரிசையாக நிற்போம். சிமெண்டுத் தரை நடுவில் கனத்த மரக் கம்பம் நட்டு, அதில் குறுக்குக் கட்டையும் தூக்குத் தராசும் தொங்கும். உங்கள் சதுரக் குழி அந்தக் கம்பத்துக்கு. கிராணி எடை பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். பாலில் கொஞ்சம் மொண்டு மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை மிதக்கவிட்டு, தண்ணி கலந்திருக்கா என்று பார்ப்பார். கீழே சிந்திய பால் காய்ந்தால் தரையில் ஒட்டிக்கொள்ளும், அதனால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவணும். அதுக்குத்தான் சாய்வு, அதுக்குத்தான் வாய்க்கால். முழங்கால் உயரம், வாளியை லாரியில் இருக்கும் டாங்கியில் ஊற்ற வசதியாக.

நிறுவை ஸ்டோருக்கு மாறிய பிறகு சும்மா கிடந்த தரையை மேடை ஆக்கியிருப்பார்கள். எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான்.

கிராணி மகன் | ஞாயிறு, மாலை 6.04

அக்கா, நான் வாயை மூடிக்கொள்கிறேன். மெட்ரோலாக் பிடித்தது என் அப்பாதான்.

ஓட்டுப்பால் | ஞாயிறு, மாலை 6.20

உங்கள் அப்பா நல்லவராகவும் இருந்திருக்கலாம் தம்பி. எங்கள் கிராணி எடையை இறக்கித்தான் எழுதுவார். அதே ஆள் திருவிழாவில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, அரிச்சந்திரன் "பொய் சொல்ல மாட்டேன்" என்று பாடும்போது கைத்துண்டால் கண்ணைத் துடைப்பார். பின்னால் பாயில் உட்கார்ந்து நாங்கள் சிரிப்பை அடக்குவோம்.

செம்மண் | ஞாயிறு, இரவு 8.41

இப்போது ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தோட்டம் விற்றபோது கோயிலுக்கு இடம் கேட்டோம். கூட்டம் போட்டோம், மனு கொடுத்தோம், எங்கள் தோட்டத்தில் கிடைத்தது. பள்ளிக்கு இடம் கேட்டோம். பள்ளிக்கு 1923லேயே சட்டம் இருந்தது, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்கணும் என்று. திடலையும் மேடையையும் யாராவது கேட்டோமா? நான் அந்தக் கமிட்டியில் இருந்தவன். பட்டியலில் அது இல்லை. யாருக்கும் தோன்றவே இல்லை, எனக்கும் சேர்த்து.

கிள்ளான் மாலதி | ஞாயிறு, இரவு 8.58

கேட்டிருந்தால் மட்டும் கொடுத்திருப்பார்களா? ஒரு பல்நோக்கு மண்டபம் கொடுத்து, சாவி ஒருவரிடம் இருந்து, அவர் எப்போதும் ஊரில் இல்லாமல் இருப்பார்.

செம்மண் | ஞாயிறு, இரவு 9.02

அதுவும் சரிதான். இருந்தாலும் கேட்கவில்லை என்பது உறுத்துகிறது. புக்கிட் ஜாலிலில் ரப்பர் தோட்ட நிலத்தில்தான் 1998 காமன்வெல்த் போட்டிக்கு தேசிய அரங்கம் வந்தது. விளையாடத் திடல் வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் தோன்றியது. தோட்டத்துக்காரனுக்கு அது தோன்றாமல் போனதற்கு, அது எப்போதும் துரையுடைய புல் என்று மனசுக்குள் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

செந்தூல் தம்பி | ஞாயிறு, இரவு 9.30

அண்ணே, போட்டோவைப் பெரிதாக ஸ்கேன் செய்து போடுங்கள். அந்தக் கட்டையைப் பார்க்க வேண்டும்.

பழைய லயம் | திங்கள், காலை 6.40

நேற்று இரவு எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஓட்டுப்பால் அக்கா எழுதியது வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஆமா. உன் ஆயா அங்கதான் பால் நிறுப்பா. தராசுக் கம்பத்தப் புடிச்சுக்கிட்டு நான் நின்னிருக்கேன், சின்னப் புள்ளையா" என்றார். ஆயா என்றால் எங்களுக்கு அப்பாவின் அம்மா.

அப்புறம் அவராகவே சொன்னது: மயான காண்டத்தில் உட்கார வேண்டிய இடத்தை மேடையில் குறித்துத் தருவார்களாம். இருட்டில், கேஸ் லைட் வெளிச்சத்தில், சேலை தடுக்கும். அதனால் அந்தக் கட்டையைக் காலால் தடவிப் பார்த்து, அதற்கு வலப்பக்கம் உட்கார்ந்துவிடுவாராம். எட்டு வருஷம் சந்திரமதி அதே இடத்தில்தான் அழுதிருக்கிறார்.

சித்தப்பா ஏன் கண்ணைத் திறந்தார் என்றும் கேட்டேன். குழிக் கட்டையின் ஆணி முதுகில் குத்தியதாம்.

ஸ்கேன் இன்று மாலை போடுகிறேன், தம்பி. ஆபீஸ் மெஷினில்தான் எடுக்க வேண்டும்.